பர்ப்பிள் லைன் ஓரமாக ஆறு நாள்

முதல் நாள்: பெதஸ்டா

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ராக்வில்லில் பகல் முழுவதும் வீட்டில் நான் ஒருவன்தான். மகளும் மாப்பிள்ளையும் ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். பேத்தி கல்லூரி விடுதியில் இருக்கிறாள். “சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள் அப்பா, எங்காவது நடந்துவிட்டு வாருங்கள்” என்றாள் மகள். ரயில்வேயில் பாதைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் நடந்தே சம்பளம் வாங்கியவனிடம் அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

வாஷிங்டனுக்கு வடக்கே, மேரிலாந்து மாநிலத்துப் புறநகர்களின் ஊடாக ஓர் இலகு ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பர்ப்பிள் லைன் என்று பெயர். மேற்கே பெதஸ்டா, கிழக்கே நியூ கரோல்டன், இடையே 26 கிலோமீட்டர், மொத்தம் 21 நிலையங்கள். 2017 ஆகஸ்ட் 28-ல் மண் வெட்டித் தொடங்கினார்கள். 2022 மார்ச்சில் ஓடியிருக்க வேண்டும். இப்போது சொல்லும் காலம் 2027-28 குளிர்காலம். அதுவரை நான் இங்கே இருக்கப் போவதில்லை. எனவே இந்த அக்டோபரிலேயே முழுப் பாதையையும் துண்டு துண்டாக, வேலிக்கு வெளியே நடைபாதையில் நடந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிட வேண்டும். சர்வீஸில் இருந்தபோது இப்படி நடந்தால் பயணப்படி கிடைக்கும். இப்போது மகளிடம் பேச்சு கிடைக்கிறது.

ஏன் இந்தப் பாதை என்பதற்கு ஒரு வரைபடம் போதும். வாஷிங்டன் மெட்ரோவின் கோடுகள் எல்லாம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நகரத்தின் நடுவுக்குப் போகின்றன. பெதஸ்டாவும் சில்வர் ஸ்பிரிங்கும் ஒரே ரெட் லைனில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோடு குதிரை லாடம் போல் வளைந்தது. ஓர் ஊர் ஒரு நுனிப் பக்கம், மற்றது மறு நுனிப் பக்கம். நேராகப் போனால் ஆறேழு கிலோமீட்டர் தூரத்துக்கு நகரத்துக்குள் இறங்கி ஏறி வர வேண்டும். ஆரக்கால்களை வெளியே சேர்த்துக் கட்டும் பட்டைதான் பர்ப்பிள் லைன். ரெட் லைனை இரண்டு இடத்திலும், கிரீன், ஆரஞ்சு லைன்களை ஒவ்வோர் இடத்திலும் தொடுகிறது.

பெதஸ்டா மெட்ரோவின் நகரும் படிக்கட்டு சுமார் 65 மீட்டர் நீளம். நின்றபடியே ஏறினேன், இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. மேலே வந்து எல்ம் தெருப் பக்கம் திரும்பினால் வேலி. வேலியில் போர்த்திய பச்சைத் துணி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அதன் வழியே பார்த்தேன். கிணறு. எங்கள் ஊரில் கமலை கட்டி இறைத்த கிணற்றை நான்கைந்து மடங்கு பெரிதாக்கிப் பாறையில் இறக்கியது போல இருந்தது. ரெட் லைன் அவ்வளவு ஆழத்தில் இருப்பதால், மேலே வரும் புதிய ரயிலிலிருந்து கீழே இருக்கும் மெட்ரோவுக்குப் பயணிகளை இறக்க ஆறு லிஃப்ட் வைக்கிறார்கள். தண்டவாளம் போடுவது இங்கே சின்ன வேலை. இந்தக் கிணறுதான் பெரிய வேலை.

நிலையம் அமையும் இடத்தில் முன்பு ஒரு கட்டடம் இருந்தது. அதை இடித்து, அடியில் ரயிலுக்கு இடம் விட்டு, மேலே புதிதாக உயர்ந்த கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குள் மாட்டுத் தொழுவத்துக்கு இடம் விடுவது போல, கட்டும்போதே ரயிலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே பாதை போவது ஒரு பழைய சரக்கு ரயில் வழியில். ஜார்ஜ்டவுன் கிளை என்பார்கள். நிலக்கரி ஏற்றி வந்த வண்டிகள் 1985-ல் நின்றன. 1988-ல் மாண்ட்கமரி மாவட்ட நிர்வாகம் அந்த வழியை விலைக்கு வாங்கியது. பிறகு அதில் மரங்கள் கூடி, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் அதைத் தங்கள் வழியாக்கிக்கொண்டார்கள். 2017 செப்டம்பரில் அதை மூடியபோது அழுதவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வண்டி நின்றுபோன கிளைப் பாதைகளில் ஆடு மேய்ப்பவர்களை நானும் விரட்டியிருக்கிறேன்; விரட்டும்போது உள்ளுக்குள் கூசும். ரயிலோடு அந்த நடைவழியையும் பக்கத்திலேயே திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம்.

கனெக்டிகட் அவென்யூ வரை போய், ரயில் பாதை சாலைக்கு மேலே பாலத்தில் கடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முழங்கால் வலிக்கிறது. மகளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

இரண்டாம் நாள்: லிட்டன்ஸ்வில், சில்வர் ஸ்பிரிங்

காலையில் ராக்வில்லிலிருந்து மார்க் புறநகர் ரயிலில் சில்வர் ஸ்பிரிங் வந்தேன். டீசல் இன்ஜின், சரக்கு ரயில் கம்பெனியின் தண்டவாளம், காலையில் வாஷிங்டனுக்குப் போய் மாலையில் திரும்பும் வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சொந்த ஊருக்கு வந்தது போல் ஆனது.

அங்கிருந்து மேற்கே திரும்பி நடந்து டால்பட் அவென்யூ பாலத்துக்குப் போனேன். இன்றைய எழுத்தின் முக்கால் பங்கு இந்தப் பாலத்துக்குத்தான்.

1853-ல் சாமுவேல் லிட்டன் என்ற சுதந்திரமான கறுப்பினத்தவர் இங்கே நிலம் வாங்கினார். அவரைச் சுற்றி வளர்ந்த ஊர் லிட்டன்ஸ்வில். ரயில் பாதைக்கு ஒரு பக்கம் இவர்கள். மறு பக்கம் வெள்ளையர் மட்டும் வாழ்ந்த குடியிருப்புகள். இரண்டையும் சேர்த்தது 1918-ல் கட்டிய ஒற்றை வழிப் பாலம். கடைக்கும் வேலைக்கும் பஸ்ஸுக்கும் லிட்டன்ஸ்வில்காரர்கள் அதன்மேல்தான் போய் வந்தார்கள். அந்தப் பாலத்தின் நடுப் பகுதி எதனால் ஆனது என்று படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நீராவி இன்ஜினைத் திருப்பி நிறுத்தும் டர்ன்டேபிள்! சுழன்றுகொண்டிருந்த இரும்பைக் கழற்றிக் கொண்டுவந்து இரண்டு கரைக்கு நடுவே அசையாமல் கிடத்தியிருக்கிறார்கள். பழைய இரும்பை வீணாக்காத ரயில்வேக்காரன் எந்த நாட்டிலும் ஒரே சாதிதான். எங்கள் டிப்போவில் கழித்துப் போட்ட தண்டவாளம் வேலிக்கால் ஆனது, மாட்டுக் கொட்டகைக்கு உத்தரம் ஆனது, ஒரு கோயிலில் மணி தொங்கும் சட்டம்கூட ஆனது.

பாலத்தின் நூற்றாண்டை 2018 செப்டம்பரில் இரண்டு பக்கத்துக்காரர்களும் அதன்மேலேயே கூடிக் கொண்டாடினார்கள். அடுத்த வருடமே, பர்ப்பிள் லைனுக்கு இடம் வேண்டும் என்பதால் அதைப் பிரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது அகலமான புதிய பாலம். அதில் நின்று கீழே பார்த்தேன். சரக்கு ரயில் தண்டவாளங்கள் ஒரு பக்கம். இலகு ரயிலுக்கான வழி மறு பக்கம். இடையே தடித்த கான்கிரீட் சுவர். சரக்கு வண்டி தடம் புரண்டால் பயணிகள் வண்டிமேல் சாயாமல் தடுக்கும் சுவர் அது. இந்த ஒரு சுவருக்கு எத்தனை கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு டிவிஷன்களுக்கு நடுவே ஒரு லெவல் கிராசிங் கேட்டுக்கு யார் பெயின்ட் அடிப்பது என்று பதினோரு மாதம் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

மதியம் சில்வர் ஸ்பிரிங் நூலகம். 2015-ல் திறந்த கட்டடம். ரயில் வரப் போகிறது என்று தெரிந்தே, தரைமட்டத்தில் குறுக்காக வழி விட்டு மேலே நூலகத்தைக் கட்டினார்கள். பத்து வருடமாகப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கிறது கட்டடம். கீழே நிலையத்துக்கான மேடை உருவாகியிருக்கிறது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறுவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கீழே தொழிலாளி ஒருவர் கான்கிரீட் விளிம்பைக் கரணையால் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்: வெயின் அவென்யூ, லாங் பிராஞ்ச், லாங்லி பார்க்

இன்றுதான் நன்றாக நடந்தேன். நூலகத்திலிருந்து வெயின் அவென்யூ வழியாக. இது வீடுகள் நிறைந்த மேட்டுச் சாலை. ரயில் இங்கே கார்களோடு சாலையிலேயே போகப் போகிறது. மேடு தாங்காத இடத்தில், பிளிமத் தெருவுக்கு அடியில், சுமார் 300 மீட்டர் சுரங்கம். இதற்குப் பெரிய துளையிடும் இயந்திரம் கொண்டுவரவில்லை. கொஞ்சம் வெட்டுவது, உடனே சிமெண்ட் கலவையைப் பீய்ச்சி அடித்து மண்ணைப் பிடித்து நிறுத்துவது, மறுபடி கொஞ்சம் வெட்டுவது என்று போயிருக்கிறார்கள். ஒரு முனையில் மான்செஸ்டர் பிளேஸ் நிலையம். மறு முனை ஆர்லிஸ் தெரு. மேலே உள்ள தெருவில் ஒரு மூதாட்டி இலை பெருக்கிக்கொண்டிருந்தார். காலடியில் ரயில் குகை இருக்கும் அடையாளமே இல்லை.

ஆர்லிஸ் தெருவில் இறங்கியதும் ஊரே மாறிவிடுகிறது. பேச்சு ஸ்பானிஷ். பேக்கரி, முடிதிருத்தும் கடை, பணம் அனுப்பும் கடை. எல்சால்வடாரிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள் நடத்துகிறார்கள். கடை வாசலுக்கும் சாலைக்கும் நடுவே ஆரஞ்சு நிறப் பீப்பாய்களும் வேலியும். ‘கடை திறந்திருக்கிறது’ என்று துணியில் எழுதி வேலிமேலேயே கட்டியிருக்கிறார்கள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். என் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை, பேச்சுக்காகத்தான். வண்டி நிறுத்த இடம் போனதும் பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போனார்கள் என்றார் கடைக்காரர். “ரயில் வந்தால் வருவார்களே?” என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “ரயில் வரும்போது வாடகையும் வரும், ஐயா. என்னுடையது இல்லை, வேறு ஒருவருடைய வாடகை” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் சாலையைக் குனிந்து பார்த்தேன். இதுவரை மூன்று நாளும் பார்க்கத் தவறியது அது. தார்மேல், நடைபாதைமேல், புல்மேல்கூட வண்ண வண்ணமாகக் கோடுகள். சிவப்பு என்றால் மின்சாரக் கம்பி. மஞ்சள் என்றால் எரிவாயு. ஆரஞ்சு தொலைபேசி, இணையக் கம்பிகள். நீலம் குடிநீர். பச்சை கழிவுநீர். அளவெடுத்த குறி இளஞ்சிவப்பு. தோண்டப் போகும் இடம் வெள்ளை. நாடு முழுவதும் இதே நிறங்கள்தானாம். ஊதாவுக்கும் ஓர் அர்த்தம் உண்டு: சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் நீர். பர்ப்பிள் லைனுக்கு எவரோ தெரியாமல் சாக்கடைத் தண்ணீரின் பேரப்பிள்ளையின் நிறத்தை வைத்துவிட்டார்கள்!

ஒரே சந்திப்பில் ஐந்து நிறங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. யாரோ ஒரு பெரிய கோலம் போடத் தொடங்கிப் பாதியில் சண்டைபோட்டுக்கொண்டு போய்விட்டது போல இருந்தது. போக்குவரத்தை நிறுத்தும் பலகையோடு ஓர் இளம்பெண் நின்றாள். ஒரு பக்கம் ‘நில்’, மறு பக்கம் ‘மெதுவாக’. பலகையைத் திருப்பும் இடைவெளியில் பேசினாள். இந்த முனையில் ஏழு மாதமாக நிற்கிறாளாம். “தண்டவாளம் எப்போது போட்டார்கள்?” என்று கேட்டேன். “அது சீக்கிரம் முடிந்துவிட்டது. குழாய்தான்...” என்று கையை ஆழமாகக் கீழே காட்டி, தலையை ஆட்டினாள்.

அவள் காட்டிய கைதான் மொத்தக் கதையும். பாதை போடுவது என்றால் தண்டவாளத்தை நினைக்கிறோம். ஊருக்கு நடுவே போடும் பாதையில் தண்டவாளம் கடைசியில் வரும் விருந்தாளி. முதலில் ரயில் போகும் தடத்துக்கு அடியிலிருந்து எல்லாக் குழாயையும் கம்பியையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் மாற்ற வேண்டும். இல்லையென்றால் நாளை ஒரு குழாய் உடைந்தால் ரயிலை நிறுத்திப் பாதையைத் தோண்ட வேண்டியிருக்கும். அறுபது, எழுபது வருடத்துக்கு முன் புதைத்த குழாய் வரைபடத்தில் ஓரிடத்திலும் மண்ணில் வேறிடத்திலும் இருக்கும். இந்தக் கோட்டின் தாமதத்தில் ஒரு பெரும் பங்கு இப்படிக் குழாய் மாற்றியதில் போனதுதான்.

லாங்லி பார்க் சந்திப்பில், யுனிவர்சிட்டி பொலிவார்டும் நியூ ஹாம்ப்ஷைர் அவென்யூவும் சேரும் இடத்தில், பெரிய கூரை போட்ட பஸ் நிலையம் இருக்கிறது. 2016 டிசம்பரிலேயே திறந்துவிட்டார்கள். பஸ்கள் நிறைய வந்து போயின. சாலையின் நடுவில் ரயிலுக்கான இடம் காலியாக இருந்தது. பலசரக்குக் கடை ஒன்றில் கறிவேப்பிலை கிடைத்தது. வாங்கிக்கொண்டேன், இன்று வீட்டில் பேச்சு குறையும்.

நான்காம் நாள்: மழை

போகவில்லை. மகள் செருப்பை எடுத்து ஒளித்துவைத்திருந்தாள்.

உட்கார்ந்து பழைய கதையைப் படித்தேன். 1980-களின் கடைசியிலிருந்து பேசிவரும் திட்டம் இது. 2003-ல் வந்த ஆளுநர் காலத்தில் பெயரை மாற்றி ‘பை-கவுண்டி டிரான்சிட்வே’ என்றார்கள். அடுத்து வந்தவர் காலத்தில் பழைய பெயரே திரும்பியது. பெயர் மாற்றுவதற்கு ஆன செலவில் நம் பக்கத்துக்காரர்களுக்கு வியப்பு இருக்காது. 2015 ஜூனில் ஆளுநர் லாரி ஹோகன், பால்டிமோர் நகரத்துக்கான வேறொரு ரெட் லைன் திட்டத்தை ரத்து செய்த அதே வேளையில், இதைச் செலவு குறைத்து நடத்தலாம் என்றார். 2016 ஆகஸ்டில், மத்திய அரசோடு 90 கோடி டாலருக்குக் கையெழுத்தாகும் தறுவாயில், நீதிபதி ரிச்சர்ட் லியோன் அனுமதியை நிறுத்திவைத்தார். மெட்ரோவில் பயணிகள் குறைந்து வருகிறார்களே, அது இந்தப் பாதையைப் பாதிக்காதா, ஆராய்ந்தீர்களா என்பது கேள்வி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜூலையில் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தது. 2020-ல், கூடிப்போன செலவை யார் ஏற்பது என்ற தகராறில் கட்டுமானக் கூட்டமைப்பு வேலையைப் பாதியில் விட்டு வெளியேறியது. 25 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். புதிய கட்டுமானக்காரர்கள் 2022-ல் வந்தார்கள். கட்டுவது, ஓட்டுவது, பராமரிப்பது எல்லாம் சேர்ந்த ஒப்பந்தத் தொகை 560 கோடியிலிருந்து 930 கோடி டாலர் ஆனது.

பாதியில் விட்ட வேலையை ஏற்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். முந்தையவன் எதை எங்கே புதைத்தான் என்று அவன் கணக்குப் புத்தகம் சொல்லாது.

ஐந்தாம் நாள்: பல்கலைக்கழகம், காலேஜ் பார்க்

பேத்தி படிப்பது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில். ஊர் காலேஜ் பார்க். பர்ப்பிள் லைன் வளாகத்தின் நடுவே, கேம்பஸ் டிரைவ் என்ற சாலையில் போகிறது. அங்கே ஒரு வட்டத்தில் பூச்செடிகளால் ‘எம்’ என்ற எழுத்தை வளர்த்திருந்தார்களாம். பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். ரயிலுக்காக 2019-ல் அந்த வட்டத்தையே எடுத்துவிட்டார்கள். “தாத்தா, நான் சேர்வதற்கு முன்னாலேயே அது போய்விட்டது” என்றாள், சொத்துப் பறிபோனவள் போல.

கேம்பஸ் டிரைவில் தண்டவாளம் சாலைக்குள் புதைந்திருக்கிறது. ஜல்லி இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஸ்லீப்பர் இல்லை. கான்கிரீட்டுக்குள் இரும்பின் தலை மட்டும் சாலை மட்டத்தில் மின்னுகிறது. உள்பக்கம் சக்கரத்தின் விளிம்பு போக ஒரு பள்ளம். தண்டவாளத்தின் ஓரத்தில் கறுப்பாக ரப்பர் நுனி எட்டிப்பார்த்தது. பேத்தி அதை அலங்காரம் என்று நினைத்திருந்தாள்.

அது அலங்காரம் இல்லை. தண்டவாளத்துக்குப் போட்ட ரப்பர் காலுறை. மேலே கம்பியிலிருந்து ரயில் வாங்கும் நேர்மின்சாரம், வேலையை முடித்துவிட்டுத் தண்டவாளம் வழியாகத்தான் துணை மின்நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். வழியில் மண்ணுக்குள் கசிந்தால், பக்கத்தில் கிடக்கும் இரும்புக் குழாயில் ஏறிப் பயணம் செய்யும். எங்கே அந்தக் குழாயைவிட்டு இறங்குகிறதோ அங்கே இரும்பை அரித்துக்கொண்டு இறங்கும். சில வருடத்தில் குழாய் சல்லடை. இவ்வளவு பாடுபட்டு மாற்றிப் போட்ட குழாய்களை ரயிலே தின்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ரப்பர். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டார்களே, அதுவும் நேர்மின்சாரம்தான் என்று பேத்தியிடம் சொன்னேன். “அப்போது நீங்கள் வேலையில் இருந்தீர்களா தாத்தா?” என்று கேட்டாள். எனக்கு வயது எழுபத்தொன்று.

மாப்பிள்ளையின் கருவிப்பெட்டியிலிருந்து ஸ்டீல் டேப் கொண்டுவந்திருந்தேன். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் விளக்கு எங்கள் பக்கம் வந்தது. பேத்தி என்ன ஏது என்று கேட்பதற்குள் மண்டியிட்டேன். டேப்பின் கொக்கியை ஒரு தண்டவாளத்தின் உள்முகத்தில், தலையின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள், முகம் வேறு பக்கம் இருந்தது. மறுமுனையில் நான் படித்தேன். ஐம்பத்தாறரை அங்குலம். அரை நூல்கூடக் கூடக்குறைய இல்லை. 1435 மில்லிமீட்டர், நம் சென்னை மெட்ரோவின் அளவேதான். நான் பழகிய அகலப் பாதை 1676. வேடிக்கை என்னவென்றால், இதோடு நான்கு இடத்தில் கைகோக்கப் போகும் வாஷிங்டன் மெட்ரோவின் அளவு 1429. ஆறு மில்லிமீட்டர் குறைவு. பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சம்பந்திகள், கொள்வினை கொடுப்பினை கிடையாது.

பஸ் ஓட்டுநர் ஒருவர் விளக்கு மாறியும் ஹாரன் அடிக்காமல் எங்களுக்காகக் காத்திருந்தார். எழுந்திருக்கப் பேத்தி கை கொடுத்தாள். நான்கைந்து மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “யாரும் தெரிந்தவர்கள் இல்லை, பரவாயில்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலேஜ் பார்க் மெட்ரோவை ஒட்டி ஒரு விமான நிலையம் இருக்கிறது. 1909-ல் வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த இடம். இன்றும் சின்ன விமானங்கள் இறங்குகின்றன. வேலியோரம் நின்று ஒன்றைப் பார்த்தேன். ரிவர்டேல் பார்க்கில் பாதை தூண்கள்மேல் ஏறிப்போகிறது. அதைக் காரிலிருந்தே பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

ஆறாம் நாள்: கிளென்ரிட்ஜ், நியூ கரோல்டன்

காலையில் கிளென்ரிட்ஜ் பணிமனை. வெட்டரன்ஸ் பார்க்வே சாலையிலிருந்து கொட்டகையும் யார்டும் தெரிகின்றன. தண்டவாளங்கள் விசிறி போல் பிரியும் இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் நாக்குகள் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன. புது ஜல்லிக் கற்கள், சிமெண்ட் ஸ்லீப்பர். இங்கே மட்டும் எனக்குத் தெரிந்த பாதை.

உள்ளே வண்டிகள் நின்றன. மொத்தம் 28 வாங்குகிறார்கள். ஸ்பெயின் நாட்டு காஃப் கம்பெனியின் வண்டி. நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் கோத்தது. ஐந்து துண்டுகளாக மடங்கும் ஒரே வண்டி, 43 மீட்டர் நீளம். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏறலாமாம். நம் இ.எம்.யு. என்ற மின்சாரப் புறநகர் வண்டியில் பழகியவனுக்கு, வண்டியின் தரையும் கதவும் நடைமேடை மட்டத்தில் இருப்பது பொம்மை போலத் தெரிந்தது. ஏணி இல்லை, படி இல்லை. சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். முழங்கால் வலிக்காரனும் போகலாம்.

எல்லின் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் மணிச் சத்தம். திரும்பினால் சோதனை ஓட்டம். நடக்கும் வேகத்தில் வந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் இருவர் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். ஒருவர் பார்வை மேலே கம்பியில், மற்றவர் பார்வை கீழே சக்கரத்தில். வளைவில் விளிம்பு உரசி மெலிதாகக் கீச்சிட்டது. கீழே பார்ப்பவர் குனிந்து, நின்று, ஏதோ குறித்துக்கொண்டார்.

நான் நடைபாதை ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். அச்சு சூடாகி வாடை வருகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா, கடைசிப் பெட்டி இதுதான் என்று காட்டும் எல்.வி. பலகை இருக்கிறதா... கண் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு போனது. எல்.வி. பலகை இல்லை. இரண்டு பக்கமும் முகம் உள்ள வண்டிக்கு அது வேண்டியதில்லை. பின் அறையில் ஹெல்மெட் போட்ட ஒருவர் இருந்தார். கொடி இல்லாத என் கை, எப்போது உயர்ந்தது என்று தெரியவில்லை, பக்கவாட்டில் நீண்டிருந்தது. அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தானும் கை காட்டினார்.

நோட்டில் எழுதினேன்: எல்லின் சாலை, 11.42, சரி.

நியூ கரோல்டனில் ஆம்ட்ராக் நெடுந்தூர வண்டி ஒன்று பறந்து போனது. இந்த நெடுவழியில் 1930-களில் போட்ட 25 ஹெர்ட்ஸ் மின்சாரம் இன்னும் ஓடுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பர்ப்பிள் லைன் நடைமேடை பக்கத்திலேயே வேலிக்குள் இருந்தது. மகளுக்குப் போன் செய்து கிளம்பிவிட்டேன் என்றேன். ஆரஞ்சு லைனில் ஏறி, நகரத்தின் அடியில் மெட்ரோ சென்டரில் இறங்கி, ரெட் லைனுக்கு மாறினேன். பெதஸ்டா தாண்டும்போது அலுவலகம் விட்ட கூட்டம் ஏறியது. உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு ராக்வில் வரை நின்றுகொண்டே வந்தேன்.